தராசு முள்ளை வாசித்தவர் யார்?



நன்னெறிக் கல்விப் பாடத்தில் 'நேர்மை' வரும்போது நாம் மாணவர்களுக்குக் கூறும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கீழே கிடந்த பணப்பையைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்த சிறுவன். மிகுதியாகக் கிடைத்த சில்லறையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்த சிறுமி. வேலையிடத்தில் நிகழும் திருட்டைப் பற்றி நாம் வகுப்பில் பேசுவதே இல்லை. ஆனால் நம் மாணவர்களின் பெற்றோருள் பலர், தொழிற்சாலையிலோ பேரங்காடியிலோ வேலை முடிந்து வெளியேறும்போது காவலாளியிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீடு திரும்புகின்றனர். அவர்களுடைய தாத்தா பாட்டியர் பால்மரக் காட்டில் வேறு விதமாகச் சோதிக்கப்பட்டனர். மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது குடும்பக் கதையேயாகும்.

வேலையாள் திருடாமல் தடுப்பது எப்படி என்பது முதலாளிமார் கேட்கும் கேள்வி. அதற்குத் தோட்டம் கண்ட விடை என்ன, அந்த விடையில் இருந்த ஓட்டை எது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். இரும்புக்கு முத்திரை குத்தலாம். துணிக்கு அடையாளம் வைக்கலாம். மரத்திலிருந்து வடியும் பாலுக்கு எந்த அடையாளமும் கிடையாது. மங்கில் இருக்கும்வரை அது இன்ன மரத்துப் பால். வாளிக்கு வந்துவிட்டால் இன்னாருடைய பால். உறைந்து கட்டியாகிவிட்டாலோ யாருடையது என்று எவராலும் சொல்ல இயலாது. மேலும், தோட்டம் என்பது சுவர் சூழ்ந்த ஆலை அன்று. ஏக்கர் கணக்கில் விரிந்த காடு. பொழுது விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தனக்குரிய நிரைகளில் தனியே வெட்டிக்கொண்டு செல்லும் தொழிலாளியை நாள் முழுதும் ஒருவர் பின்தொடர்வது நடவாத செயல்.

ஆகவே தோட்ட நிர்வாகம் ஆளைக் கண்காணிப்பதைவிட அளவைக் கண்காணிப்பதையே பெரிதும் நம்பியது. ஒருவருக்கு இத்தனை மரம் என்று பங்கு பிரித்தார்கள். இந்தப் பங்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இவ்வளவு பால் இறங்கும் என்பது கங்காணிக்கும் கிராணிக்கும் தெரியும். அண்டைப் பங்குக்காரர் இரண்டு வாளி கொண்டுவரும் நாளில் ஒருவர் ஒன்றரை வாளியோடு வந்தால் கேள்வி எழும். பால் ஒழுகி முடிந்தபின் மங்கிலேயே உறைந்துவிடும் கட்டிப்பாலும், வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்த பாலும், மண்ணில் சிந்திக் காய்ந்ததும்கூடத் தோட்டத்திற்கே சொந்தம்; அவற்றுக்குப் பாலைவிடக் குறைந்த கூலி. இந்தக் கூலி வேறுபாடும் கண்காணிப்பை வேண்டச் செய்தது. கட்டிப்பாலை எளிதில் சாக்கில் மறைக்கலாம். பல நாள் வைத்திருந்து விற்கலாம். பாலை அப்படிச் செய்ய முடியாது.

பாலில் செய்யக்கூடிய தில்லுமுல்லு ஒன்றே ஒன்று: தண்ணீர் கலப்பது. அதைக் கண்டுபிடிக்க வந்த கருவிதான் மெட்ரோலாக். நீண்ட கழுத்தும் பருத்த அடியும் கொண்ட மிதப்பான் அது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. எனவே ரப்பர் மிகுந்த பாலில் மிதப்பான் ஆழ்ந்து இறங்கும். தண்ணீர் மிகுந்த பாலில் மேலெழுந்து நிற்கும். கழுத்திலுள்ள கோட்டைப் பார்த்து, இந்தப் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அறிவியல் ஆசிரியர்கள் 'மிதத்தல்' பாடத்திற்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர் எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் பால் என்பது இயற்கைப் பொருள். சாதாரணமாக அதில் 30 முதல் 40 விழுக்காடு வரை உலர் ரப்பர் இருக்கும். மரத்தின் வகை, வயது, இலை உதிரும் பருவம், முதல் நாள் பெய்த மழை ஆகிய யாவும் அந்த விழுக்காட்டை ஏற்றவும் இறக்கவும் வல்லவை. பாலில் தண்ணீர் மிகுந்திருக்கிறது என்பதை மெட்ரோலாக் சொல்லும். அது வானத்துத் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா என்பதைச் சொல்லாது. அதைத் தீர்மானிப்பவர் கிராணி.

இங்கேதான் நம் கட்டுரையின் மையத்திற்கு வருகிறோம். வாளியை இறக்கி வைத்தவர் தொழிலாளி. அளந்தவர், மிதப்பானின் கோட்டை வாசித்தவர், புத்தகத்தில் எழுதியவர் எல்லாம் நிர்வாகத் தரப்பு. தமிழ் எழுத்தும் ஆங்கில எண்ணும் அறியாத பெண்மணி ஒருவர் காண்டாவைத் தோளிலிருந்து இறக்கி நிற்கையில், அவருடைய அன்றைய உழைப்பு மற்றொருவர் வாயிலிருந்து ஓர் எண்ணாக வெளிவந்தது. அந்த எண்ணைச் சரிபார்க்க அவருக்கு வழியில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கற்பனைத் தோட்டம். ஆறாம் ஆண்டு மாணவர்களே செய்யக்கூடிய கணக்கு. எண்பது தொழிலாளர்கள். நாள்தோறும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ராத்தல் குறைத்து எழுதப்படுகிறது. மாதத்தில் 25 வேலை நாள்கள். மாத முடிவில் 2,000 ராத்தல் உலர் ரப்பர் புத்தகத்தில் ஏறாமல் போகிறது; பொருளாகவோ அது இருக்கிறது. எங்கே போகும்? இரண்டு வழிகள்தாம். ஆலையில் நேர்மையாக நிறுத்தால், காட்டுக் கணக்கைவிட ஆலைக் கணக்கில் 2,000 ராத்தல் மிகுதியாக நிற்கும். நிர்வாகம் இதைக் கேள்வி கேட்குமா? குறைவு வந்தால் விசாரணை வைப்பார்கள். மிகுதி வந்தால் மௌனமாக இருப்பார்கள். தொழிலாளியின் கூலி நிர்வாகத்தின் இலாபமாக மாறிவிடும். இது முதல் வழி. இரண்டாவது, எழுதுகிறவரும் ஆலையில் நிறுக்கிறவரும் கூட்டுச் சேர்வது. அப்போது எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த 2,000 ராத்தலும் இரவோடிரவாக வெளியேறலாம். மரத்தடியில் மறைத்து வைத்த கட்டிப்பால் சாக்கு இதன் முன்னே எம்மாத்திரம்?

இந்த இரண்டாம் வகைத் திருட்டில் முதலாளியும் இழக்கிறார், தொழிலாளியும் இழக்கிறார். முதலாளிக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள், வாளியைச் சுமந்து வந்தவர். அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தராசை வைத்த நிர்வாகம், தனக்கிருந்த சிறந்த காவலாளியைத் தானே இழந்துவிட்டது என்பது என் துணிபு.

இதை உலகில் வேறு எங்கேனும் உணர்ந்தார்களா? உணர்ந்தார்கள். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் எடைக்கேற்பவே கூலி. சுரங்க முதலாளியின் எடையாளர் குறைத்து எழுதுகிறார் என்ற மனக்குறை அங்கும் நெடுங்காலம் இருந்து வந்தது. 1860-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், தொழிலாளர்கள் தம் சார்பில் ஒரு சரிபார்ப்பு எடையாளரைத் தாமே நியமித்துக்கொள்ளும் உரிமையை வழங்கியது. அவருடைய சம்பளத்தைத் தொழிலாளர்களே தந்தனர். முதலாளியின் ஆள் ஒரு பக்கம், தொழிலாளியின் ஆள் மறுபக்கம். நடுவே ஒரே தராசு. தொடக்கத்தில் பல முதலாளிகள் இதை எதிர்த்தனர். பின்வந்த சட்டங்கள் அவ்வுரிமையை மேலும் உறுதிப்படுத்தின. அத்தகைய எடையாளர்களுள் பலர் பிற்காலத்தில் தொழிற்சங்கத் தலைவர்களாக உயர்ந்தனர். எழுதவும் கணக்கிடவும் தெரிந்த, சக தொழிலாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் தலைவரானதில் வியப்பென்ன?

இதற்கு நேர்மாறான வழியைத் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்கள் பின்பற்றின. 1880களின் நடுப்பகுதி முதல் அங்கே கருப்பினத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முழுவதும் வேலியடைத்த வளாகத்துக்குள்ளேயே வைக்கப்பட்டனர். ஆடை களைந்து சோதனை. ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போகுமுன் சில நாள் தனியடைப்பு. விழுங்கிய வைரம் வெளிவரப் பேதி மருந்து. இதே உடற்சோதனையை வெள்ளைத் தொழிலாளர் மீது திணிக்க முயன்றபோது 1884-இல் வேலைநிறுத்தம் மூண்டது. அவர்கள் விலக்குப் பெற்றனர். திருட்டுத் தடுப்பு என்னும் பெயரால் யாரைச் சந்தேகிப்பது என்பது அதிகாரத்தின் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் தோட்டங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் நம்மவர் மீது கண்காணிப்பு எல்லாப் பக்கமும் இருந்தது. அவர்கள் கையில் கண்காணிக்கும் உரிமை இல்லை. கங்காணி முறையை எண்ணிப் பாருங்கள். தம் ஊரிலிருந்து ஆள்களைத் திரட்டி வந்த கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்குச் சிறு தொகை தலைக்காசாகக் கிடைத்தது. ஆள் எண்ணிக்கைக்கேற்ப வருமானம் என்னும்போது, வராத ஆளையும் வந்ததாகக் காட்டும் ஆசையை அந்த ஏற்பாடே வளர்க்கிறது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து தோட்டங்களைப் பார்வையிட்ட வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1937-இல் வெளிவந்த தம் அறிக்கையில் கங்காணி ஆள்சேர்ப்பை முடிவுக்குக் கொண்டுவருமாறு பரிந்துரைத்தார். 1938 ஜூன் மாதத்தில், மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் தடை செய்தது.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். 1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930-இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. ஐந்தில் ஒரு பங்கு! விளக்கம் கேட்க யாருக்கும் வாய்ப்பில்லை. கூலிவெட்டுக்கும் திருட்டுக்கும் உள்ள தொடர்பை ஜெரால்ட் கிரீன்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு நன்கு காட்டுகிறது. ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள். இரண்டில் பத்து வாரங்களுக்கு 15 விழுக்காட்டுச் சம்பள வெட்டு. அவற்றுள் ஓர் ஆலையில் காரணத்தை விரிவாக, வருத்தத்தோடு எடுத்துரைத்தனர். மற்றொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போயினர். மூன்றாவதில் வெட்டே இல்லை. திருட்டு மிகுதியாக உயர்ந்தது எங்கே என்று வாசகர்களே ஊகித்திருப்பீர்கள்: சுருக்கமாக அறிவித்த ஆலையில். வெட்டு இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, தொழிலாளர்களுள் திருடியவரே இல்லையா? இருந்தனர். அதை மறைத்து நம் முன்னோரைப் புனிதராக்கும் நோக்கம் எனக்கில்லை. விலை ஏறிய காலங்களில், குறிப்பாகக் கொரியப் போர் மூண்டு ரப்பர் விலை உச்சம் தொட்ட 1950-51-இல், ஒரு சாக்குக் கட்டிப்பால் பெரும்பொருள். ஆனால் திருடுகிறவருக்கு வாங்குகிறவர் ஒருவர் வேண்டும். பால்மரக் காட்டில் எவருக்கும் ரப்பர் சோறாகாது. இதை உணர்ந்தே அரசாங்கம் ரப்பர் வாணிகத்திற்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. யாரிடம் வாங்கினாய், எவ்வளவு வாங்கினாய் என்று வணிகர் கணக்கு வைக்க வேண்டும். இன்று உரிமம் வழங்கும் மலேசிய ரப்பர் வாரியம் 1998-இல், 1925-இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உள்ளிட்ட மூன்று அமைப்புகளை இணைத்து உருவாக்கப்பட்டது. பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட இடங்களில் இப்போது குலைத் திருட்டு. அங்கும் உரிமம் பெற்றவரே குலை வாங்கலாம் என்பதே சட்டம். காட்டில் நூறு காவலாளிகளை நிறுத்துவதைவிட, திருட்டுப் பொருளை வாங்கும் ஒரு கடையை மூடுவது பயன் தரும்.

அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவரும் இதே தலைவலியால் அவதிப்பட்டார். பணியாளர்கள் வசூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டனர். 1879-இல் அவரும் அவர் சகோதரரும் காப்புரிமை பெற்ற பணப்பதிவு இயந்திரம்தான் இன்று ஒவ்வொரு கடையிலும் நாம் காணும் பணப்பெட்டிக்கு மூதாதை. அதன் பின்வந்த வடிவங்களில் நான் மெச்சுவது மணியையும் எண்பலகையையும்தான். மணி அடித்தால் கடையே அறியும். எவ்வளவு என்ற எண் வாடிக்கையாளரை நோக்கித் தெரியும். யாரோ ஒருவர் மறைந்திருந்து பார்ப்பதற்குப் பதிலாக, எல்லாரும் பார்க்கும்படி ஆக்கிவிட்டனர்.

நம் மரபிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது இராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைப் பற்றி நாம் தவறாமல் பேசுகிறோம். அவன் தந்தை இராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லலாமே! கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொற்பொருள்கள் 'ஆடவல்லான்' என்னும் பெயர் கொண்ட எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் எடையும் சுவரில் பொறிக்கப்பட்டது. கணக்குப் புத்தகத்தைத் திருத்தலாம். கருங்கல் சுவரைத் திருத்துவது எளிதன்று. பண்டாரத்தைக் காக்கும் பணிக்கு நிலமோ சுற்றமோ பொருளோ உடையவர்களை ஊர்ச் சபைகள் அனுப்ப வேண்டும் என்றும் ஆணை இருந்தது. ஆளுக்கு ஊர் பொறுப்பு. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டோ, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் மறுபடி வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. மேலே இருப்பவரிடம் கணக்குக் கேட்ட மரபு அது. தோட்டத்தில் கீழே இருந்தவரிடம் மட்டும் கேட்டார்கள்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்நிலை அசையத் தொடங்கியது. நம் வட்டாரமே அதன் களம். பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் 1946-இல் எழுந்த தொண்டர் படை, தோட்டத்துக்குள்ளேயே நடந்த கள்ளுக்கடைகளை எதிர்த்தது. காலையில் கொடுத்த கூலி மாலையில் கள்ளுக்கடை வழியே திரும்பிப் போவதை அவர்கள் கொள்ளையாகவே கண்டனர். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையுடன் மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. பலர் சிறை சென்றனர். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் அனுமதிக்காத எந்தப் பிடித்தத்தையும் கூலியிலிருந்து செய்யலாகாது என்று அது விதித்தது.

அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் அதைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே எழுதுகிறேன். திருட்டு முதலிய ஒழுங்கீனத்துக்காக ஒருவரை முன்னறிவிப்பின்றி வேலையிலிருந்து நீக்கலாம். ஆனால் முறையான விசாரணைக்குப் பிறகே நீக்கலாம். விசாரணைக்காக அவரை இரண்டு வாரத்திற்கு மிகாமல் நிறுத்தி வைக்கலாம். அந்நாள்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுத்தாக வேண்டும். குற்றம் மெய்ப்படாவிட்டால் பிடித்து வைத்த மீதியையும் கொடுக்க வேண்டும்.

தோட்டத்தில் இதன் பொருள் என்னவென்று நகரத்தில் வளர்ந்தோருக்கு எளிதில் விளங்காது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் குழந்தை படிக்கும் பள்ளி போகும். "பால் திருடினான்" என்ற ஒரு வரி, விசாரணையின்றி எழுதப்பட்டால், ஒரு குடும்பத்தையே அடுத்த தோட்டத்துக்கு மூட்டை முடிச்சோடு நடக்க வைக்கும். அந்த வரி அங்கும் பின்தொடரும். சில வீடுகளில் இன்றும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைக்கப்படும் கதைகள் இருக்கின்றன. உண்மையில் அன்று நிரூபிக்கப்பட்டது எது, கிராணியின் ஊகம் எது என்பதை இனி யாராலும் பிரித்தறிய இயலாது.

இன்று நம் பெற்றோர்கள் வேலை செய்யும் இடங்களில் தராசுக்குப் பதில் கண்காணிப்புப் படக்கருவி இருக்கிறது. பண முகப்பில் நாள் முடிவில் பத்து வெள்ளி குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பதாகச் சில தாய்மார்கள் பள்ளிக்கு வரும்போது கூறுவதுண்டு. ஒரே பணப்பெட்டியை மூவர் மாறி மாறிக் கையாண்டிருப்பர். யார் முன்னிலையிலும் எண்ணிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நம் பள்ளிக் கூட்டுறவுக் கடையைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மாணவர் விற்க, இன்னொரு மாணவர் எழுத, இருவரும் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிட ஏற்பாடு செய்துவிட்டால், பணம் குறையும் நாளில் எந்தக் குழந்தையையும் அழவைக்க வேண்டியிராது.

2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டம், சம்பள அளவு பாராமல் தீபகற்பத்திலுள்ள தனியார் துறைத் தொழிலாளர் அனைவரையும் பொதுவாக உள்ளடக்குகிறது. சில பிரிவுகளுக்கு மட்டுமே சம்பள வரம்பு உண்டு. நியாயமற்ற முறையில் நீக்கப்பட்டதாகக் கருதுகிறவர், 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். வேலை நீக்கப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். விசாரணைக்கு அழைக்கும் கடிதம் வந்தால், அதையும் பதில் கடிதத்தின் நகலையும் சம்பளச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். படித்துப் பார்க்க உதவி தேவைப்பட்டால் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்புங்கள்; பள்ளி முடிந்தபின் உட்கார்ந்து பார்ப்போம்.